பழைய எண், புதிய எண்: ஜர்னலுக்கு அனுப்பும் கட்டுரையில் ரெஃபரன்ஸ் சரிசெய்வது எப்படி

எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டு எண்கள். என் கடைக்குப் பழைய எண் 14, புதிய எண் 31. கூரியர் தம்பி புதிதாக வந்தால் முதல் வாரம் முழுக்க போன் செய்வார்: "அக்கா, நியூ பதினாலா, ஓல்டு பதினாலா?" ஆள் பெயர், தெரு, பின்கோடு எல்லாம் சரியாக இருந்தும் அந்த ஒரு விவரம் இல்லாததால் பார்சல் எதிர்வாடைக்குப் போய்விடும். ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் வரும் ரெஃபரன்ஸ் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூரியர் தம்பி ஞாபகம்தான் வரும். ஒவ்வொரு வரியும் ஒரு முகவரி. படிக்கிறவர் அதை வைத்துக்கொண்டு நேராக அந்த வாசலுக்குப் போய் நிற்க வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது வருஷமாக டிடிபி, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். தொடக்கத்தில் கல்யாணப் பத்திரிகை, பில் புக், பள்ளிக்கூட வினாத்தாள் என்று ஓடியது. அப்புறம் பக்கத்துக் கல்லூரிகளில் பிஎச்.டி. செய்கிறவர்கள் தீசிஸ் டைப் செய்ய வந்தார்கள். இப்போது அவர்களே லேப்டாப்பில் டைப் செய்துகொள்கிறார்கள். என்னிடம் வருவது ஒரு பகுதிதான்: "அக்கா, ஜர்னலுக்கு அனுப்பணும், ரெஃபரன்ஸ் மட்டும் சரிபண்ணிக் கொடுங்க." இரவு எட்டு மணிக்கு வந்து, பன்னிரண்டுக்குள் சப்மிட் செய்யணும் என்பார்கள். நாற்பது ஐம்பது ரெஃபரன்ஸை நாலு மணி நேரத்தில் ஒழுங்காகச் சரிபார்க்க முடியாது. முதல் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டு வந்தால் யாரிடமும் ஓட வேண்டியதில்லை.

வேலையை ஸ்டைலில் தொடங்காதீர்கள், விவரத்தில் தொடங்குங்கள். கமா எங்கே, புள்ளி எங்கே என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். தொகுதி எண் 12-ஆ 21-ஆ என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு ஜர்னல் கட்டுரைக்கு எட்டு விவரம் வேண்டும்: எழுதியவர்கள் அத்தனை பேர், வருஷம், கட்டுரைத் தலைப்பு, ஜர்னல் பெயர், தொகுதி, இதழ் எண், பக்கம், டிஓஐ (கட்டுரையின் நிரந்தர எண், பின்னால் சொல்கிறேன்). ஆன்லைனில் மட்டும் வரும் ஜர்னல்கள் பலவற்றில் பக்க எண் இருக்காது, கட்டுரை எண் என்று ஒன்று இருக்கும். அதையே எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த எட்டையும் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்துவைத்து எடுக்க வேண்டும். இன்னொருவருடைய பட்டியலிலிருந்து எடுக்கவே கூடாது. எண்ணூர் முகத்துவாரத்து நண்டுகளில் கன உலோகங்கள் பற்றி ஆராய்ச்சி செய்த பெண் ஒருத்தி, எர்ணாவூரிலிருந்து வருவாள். அவள் பட்டியலில் ஒரு கட்டுரைக்குத் தொகுதி 21 என்று இருந்தது. தேடினால் அந்தத் தொகுதியில் அப்படி ஒரு கட்டுரையே இல்லை. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால் வேறொரு பேப்பரின் பட்டியலைக் காட்டினாள். அதிலும் 21. அந்தப் பேப்பர் யாரைப் பார்த்து எழுதியதோ அதிலும் 21. மூலக் கட்டுரையின் பிடிஎஃப்பில் 12 என்று பளிச்சென்று இருந்தது. யாரோ ஒருவர் எண்ணை மாற்றிப் போட்டதை, கதவைத் தட்டிப் பார்க்காமலே இன்னும் இரண்டு பேர் கைமாற்றியிருக்கிறார்கள்.

இதையொட்டி ஒரு நேர்மைக் கணக்கும் இருக்கிறது. மூலத்தை நீங்கள் படிக்கவில்லை, ஒருவர் மேற்கோள் காட்டியதைத்தான் படித்தீர்கள் என்றால் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏபிஏ முறையில் கட்டுரைக்குள் மூல ஆசிரியரின் பெயரைச் சொல்லி, அதை இன்னாரின் கட்டுரையில் கண்டது என்று எழுத வேண்டும். கடைசிப் பட்டியலில் நீங்கள் கையில் வைத்துப் படித்தது மட்டும் வரும்.

விவரம் சேர்ந்த பிறகு, அனுப்பப் போகிற ஜர்னலின் இணையதளத்தில் ஆசிரியர்களுக்கான வழிகாட்டுதல் என்ற பக்கத்தைத் திறந்து பிரிண்ட் எடுங்கள். அதோடு அந்த ஜர்னலின் கடைசி இதழிலிருந்து ஒரு கட்டுரையையும் பிரிண்ட் எடுங்கள். வழிகாட்டுதலில் சொல்லாமல் விட்டது அந்தக் கட்டுரையில் கண்ணுக்குத் தெரியும். உளவியல், கல்வி என்றால் பெரும்பாலும் ஏபிஏ கேட்பார்கள். மருத்துவம் என்றால் வான்கூவர். 1978-இல் மருத்துவ ஜர்னல் ஆசிரியர்கள் கனடாவின் வான்கூவர் நகரத்தில் கூடிப் பேசியதிலிருந்து வந்த பெயர் அது. எத்தனையாவது பதிப்பு என்பதையும் பாருங்கள். ஏபிஏ-வின் ஏழாம் பதிப்பு 2019 கடைசியில் வந்துவிட்டது. ஆனாலும் ஆறாம் பதிப்பு விதிகளை அடித்த பழைய கையேட்டை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏழில் புத்தகத்துக்குப் பதிப்பகத்தின் ஊர்ப் பெயர் வேண்டாம். மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதியிருந்தால் கட்டுரைக்குள் முதல் தடவையே முதல் ஆசிரியர் பெயரோடு 'எட் ஆல்.' (மற்றவர்களும் என்று அர்த்தம்) போட்டுவிடலாம். பட்டியலிலோ இருபது பேர் வரை எல்லோர் பெயரும் வர வேண்டும்.

இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். கண்ணகியும் மாதவியும் சேர்ந்து 2019-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏபிஏ-வில் இப்படி வரும்:

கண்ணகி, க., & மாதவி, ம. (2019). எண்ணூர் முகத்துவார நண்டுகளில் ஈயம். கடலியல் இதழ், 12(3), 245–258.

அதே கட்டுரை வான்கூவரில்:

1. கண்ணகி க, மாதவி ம. எண்ணூர் முகத்துவார நண்டுகளில் ஈயம். கடலியல் இதழ். 2019;12(3):245-58.

விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஏபிஏ-வில் பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவே கமா, இனிஷியலுக்குப் பின் புள்ளி. வான்கூவரில் இரண்டும் கிடையாது. ஏபிஏ-வில் வருஷம் பெயரை அடுத்து அடைப்புக்குள். வான்கூவரில் ஜர்னல் பெயருக்குப் பின்னால், அடுத்து அரைப்புள்ளி, இடைவெளி விடாமல் தொகுதி. ஏபிஏ-வில் ஜர்னல் பெயரும் தொகுதி 12-ம் சாய்வெழுத்தில் வர வேண்டும். அடைப்புக்குள் இருக்கும் 3 நேரெழுத்து. இந்த இடத்தில் பத்தில் எட்டுப் பேர் தவறுகிறார்கள் என்று என் கடை அனுபவத்தில் சொல்வேன். பக்க எண்ணில் ஏபிஏ 258 என்று முழுதாக எழுதும், வான்கூவர் திரும்ப வரும் 2-ஐ விட்டுவிட்டு 58 என்று நிறுத்திக்கொள்ளும். வான்கூவரில் ஆங்கில ஜர்னல் பெயர்களைச் சுருக்கி எழுத வேண்டும். அந்தச் சுருக்கத்தை நாமாகச் செய்யக் கூடாது, அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் தேடி எடுக்க வேண்டும். ஏபிஏ பட்டியல் அகரவரிசையில் போகும். வான்கூவர் பட்டியல் கட்டுரைக்குள் எது முதலில் வந்ததோ அந்த வரிசையில் போகும். ஒருமுறை 4 என்று எண் கொடுத்தால் எத்தனை தடவை வந்தாலும் அது 4-தான்.

பட்டியலில் முதல் வரி வெளியே நீட்டியும் மற்ற வரிகள் உள்ளே தள்ளியும் இருக்க வேண்டும் என்பார்கள். அதற்காக ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தள்ளாதீர்கள், ஃபான்ட் அளவை மாற்றினதும் எல்லாம் கலைந்துவிடும். வேர்டில் பட்டியலைச் செலக்ட் செய்து கன்ட்ரோலும் டி-யும் (Ctrl+T) அழுத்தினால் போதும்.

இனி பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இங்கேதான் அதிகச் சிக்கல். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. முன்னால் நிற்பது அப்பா பெயரின் அல்லது ஊரின் முதலெழுத்து. ச. முருகன் என்றால் பட்டியலில் முருகன், ச. என்றுதான் வரும். ஆனால் டேட்டாபேஸிலிருந்து இறக்கும்போது சில சமயம் அந்த 'ச'-வையே குடும்பப்பெயராகவும் முருகனை இனிஷியலாகவும் போட்டுக் கொடுக்கும். மில் தொழிலாளர் வரலாறு எழுதிய பையன் ஒருவன் புளியந்தோப்பிலிருந்து வருவான். அவன் பட்டியலில் திரு.வி.க. பெயரை யாரோ 'கல்யாணசுந்தரம், வி.' என்று திருத்தியிருந்தார்கள். திரு என்பதை மரியாதைச் சொல் என்று நினைத்து அடித்துவிட்டார்கள் போல. அந்தத் திரு திருவாரூர். விருத்தாசலம் என்ற அப்பா பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர்ப்பெயர். 'கல்யாணசுந்தரம், திரு. வி.' என்று மாற்றிக் கொடுத்தேன். சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தவர்களில் ஒருவருக்கு, மில் சங்கு ஊதிய பகுதியில் உட்கார்ந்துகொண்டு பெயரைத் தப்பாக எழுத எனக்கு மனசு வராது.

தமிழ் நூல்களை ஆங்கில ஜர்னலுக்காகக் குறிப்பிடும்போது தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அதன் அர்த்தத்தை ஆங்கிலத்தில் கொடுக்கச் சொல்கிறது ஏபிஏ. அர்த்தம் எழுதுவது சுலபம். ஒலிபெயர்ப்பில்தான் தடுமாற்றம். அதே பையன் பட்டியலில் தொழிலாளர் என்ற சொல் மூன்று விதமாக இருந்தது: ஓரிடத்தில் ழ-வுக்கு இசட்-எச், ஓரிடத்தில் வெறும் எல், இன்னோரிடத்தில் கீழே கோடு போட்ட எல். கீழே கோடு போட்டது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறை, வரலாறு மொழியியல் ஜர்னல்கள் அதையே விரும்பும். எதை எடுத்தாலும் பட்டியல் முழுக்க ஒன்றே இருக்கட்டும்.

பழைய தமிழ்ப் புத்தகங்களில் வருஷம் இன்னொரு பொறி. 1921-இல் பின்னி மில் என்று நாம் சொல்லும் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களில் நடந்த வேலைநிறுத்தம் பற்றிய ஒரு சிறு பிரசுரத்தின் ஜெராக்ஸ் கொண்டுவந்தான் அதே பையன். முகப்பில் ஆங்கில வருஷமே இல்லை, 'துன்மதி வருஷம் மாசி மாதம்' என்று மட்டும் இருந்தது. துன்மதி என்றால் 1921 என்று எழுதிவைத்திருந்தான். தமிழ் வருஷம் சித்திரையில், அதாவது ஏப்ரலில் பிறக்கிறது. மாசி வருவதற்குள் ஆங்கில வருஷம் மாறிவிடும். துன்மதி மாசி என்றால் 1922 பிப்ரவரி, மார்ச். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் 1861-ம் துன்மதி, 1981-ம் துன்மதி. எந்தச் சுற்று என்பதைப் புத்தகத்தின் பொருளை வைத்து உறுதி செய்யுங்கள். திருவள்ளுவர் ஆண்டு போட்டிருந்தால் 31-ஐக் கழியுங்கள், 2050 என்றால் 2019. மறுபதிப்பைப் படித்திருந்தால் அதன் வருஷத்தையும், முதலில் வெளிவந்த வருஷத்தையும் இரண்டையும் எழுத இடம் உண்டு. பெரியவர் ஒருவர் மறைந்து முப்பது வருஷம் கழித்துப் புத்தகம் எழுதினது மாதிரி பட்டியல் சொல்லக் கூடாது அல்லவா?

இன்னொன்று, தமிழ்ப் பிடிஎஃப்பிலிருந்து தலைப்பைக் காப்பி செய்து ஒட்டினால் கிறுக்கலாக வருகிறதா? அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் செய்தது. யூனிகோடுக்கு மாற்றுங்கள், அல்லது கையால் அடித்துவிடுங்கள். தமிழ்ப் பட்டியலை மென்பொருள் அடுக்கிக் கொடுத்தாலும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். யூனிகோடு எண் வரிசையில் ன, ந-வை ஒட்டி நிற்கிறது, ற, ர-வை ஒட்டி நிற்கிறது. நாம் படித்த நெடுங்கணக்கில் ற-வும் ன-வும் கடைசி.

காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களைப் பேட்டி கண்ட மாணவி ஒருத்தி, பதினான்கு பேருடைய பெயர், வயது, தெருவைக்கூட ரெஃபரன்ஸ் பட்டியலில் சேர்த்திருந்தாள். நன்றிக்காகத்தான் செய்தாள். ஆனால் அந்தப் பெண்களில் சிலர் வட்டிக்கடன் பற்றியும் வீட்டுச் சண்டை பற்றியும் மனம்விட்டுப் பேசியிருந்தார்கள். ஆய்வுக்காக எடுத்த பேட்டி உங்கள் சொந்தத் தரவு, அது பட்டியலில் வரவே கூடாது. கட்டுரைக்குள் பெயர் மறைத்து மேற்கோள் காட்டினால் போதும். நிபுணர் ஒருவரிடம் போனிலோ மெயிலிலோ கேட்டுத் தெரிந்துகொண்டது வேறு. அதைத் தனிப்பட்ட தகவல் என்று தேதியோடு கட்டுரைக்குள் மட்டும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்தப் பதினான்கு வரிகளை அழித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சரி, மென்பொருள். ரெஃபரன்ஸ் விவரங்களைச் சேமித்து, கேட்ட ஸ்டைலில் பட்டியலாக்கிக் கொடுக்கும் ஸோட்டெரோ போதும். இலவசம், 2006-இலிருந்து இருக்கிறது, ஆயிரக்கணக்கான ஜர்னல்களின் ஸ்டைல் அதில் உண்டு. உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளுங்கள். பிரவுசிங் சென்டரிலோ நண்பனுடைய லேப்டாப்பிலோ போட்டுவிட்டு, பிறகு அது கிடைக்காமல் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரவுசரில் அதன் கனெக்டரையும் சேர்த்துவிட்டால், கட்டுரைப் பக்கத்தில் இருக்கும்போது ஒரு கிளிக்கில் விவரம் உள்ளே வந்துவிடும். வந்த உடனே நம்பாதீர்கள். பிடிஎஃப்பின் முதல் பக்கத்தைப் பக்கத்தில் வைத்து எட்டு விவரத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு கட்டுரைக்கு இரண்டு நிமிஷம் ஆகும், அன்றைக்கே செய்துவிட்டால் கடைசியில் மலைப்பு இருக்காது.

அதில் மூன்று இடங்களைக் கட்டாயம் பாருங்கள். தலைப்பின் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் வந்திருந்தால், முதல் சொல்லையும் சிறப்புப் பெயர்களையும் தவிர மற்றதைச் சிறிய எழுத்தாக மாற்றிச் சேமியுங்கள். ஏபிஏ-வுக்கும் வான்கூவருக்கும் அதுதான் வேண்டும், பெரிய எழுத்து கேட்கும் ஸ்டைலுக்கு ஸோட்டெரோவே மாற்றிக்கொள்ளும். அடுத்தது, இது ஜர்னல் கட்டுரையா, புத்தகத்தின் ஒரு அத்தியாயமா, தீசிஸா என்ற வகை. தமிழ்நாட்டுத் தீசிஸ்கள் பல ஷோத்கங்கா தளத்தில் கிடைக்கின்றன, அவை வெறும் இணையப்பக்கமாகப் பதிவாகியிருந்தால் வகையை மாற்றுங்கள். மூன்றாவது, நிறுவனம் ஆசிரியராக இருக்கும்போது பெயர்க் கட்டத்தை ஒற்றைக் கட்டமாக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தமிழ்நாடு அரசு என்பது 'அரசு, த.' என்று அச்சாகும். அரசாணையைக் காட்டியிருந்தால் எண், தேதி, துறை மூன்றும் இருக்கட்டும்.

வேர்டில் ஸோட்டெரோ போட்ட வரியைக் கையால் திருத்தாதீர்கள், அடுத்த தடவை அது பழையபடி மாறிவிடும். திருத்தம் எப்போதும் ஸோட்டெரோவுக்குள். கூகுள் ஸ்காலரில் 'சைட்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அழுத்திக் காப்பி செய்துகொள்ளலாமா என்று கேட்பார்கள். அவசரத்துக்கு ஆகும், ஆனால் அதில் டிஓஐ வராது, பெயரும் எழுத்தளவும் பிசகும்.

டிஓஐ என்பது கட்டுரையின் நிரந்தர எண், 10 என்று தொடங்கும். இணையதளம் மாறினாலும் அந்த எண் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும். ஏபிஏ-வில் அதை முழு லிங்காக எழுதி, கடைசியில் புள்ளி வைக்காமல் விட வேண்டும். புள்ளி ஒட்டிக்கொண்டால் லிங்க் திறக்காமல் போகலாம். பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு டிஓஐ-யையும் கிளிக் செய்து, வருகிற கட்டுரை நீங்கள் எழுதிய கட்டுரைதானா என்று பாருங்கள். ஏஐ செயலியிடம் கேட்டு வாங்கின பட்டியலைக் கொண்டுவந்த ஒரு தம்பிக்கு இந்தச் சோதனை செய்தேன். பெயர்கள் நிஜம், ஜர்னல் நிஜம், கட்டுரை மட்டும் உலகத்திலேயே இல்லை. டிஓஐ-யை அழுத்தினால் சம்பந்தமில்லாத வேறு துறைக் கட்டுரை திறந்தது. அந்தப் பட்டியலோடு அனுப்பியிருந்தால் அவனுடைய பெயர் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது இருந்தால் ஸோட்டெரோ சிவப்பில் எச்சரிக்கும், அதையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் பிரிண்ட் எடுங்கள். இரண்டு நிறப் பேனா வேண்டும். கட்டுரையைப் படித்துக்கொண்டே போய், உள்ளே வரும் ஒவ்வொரு பெயருக்கும் பட்டியலில் பச்சை டிக். பட்டியலில் டிக் விழாமல் நிற்கிறவை கட்டுரைக்குள் இல்லாதவை, எடுத்துவிடுங்கள். கட்டுரையில் இருந்து பட்டியலில் இல்லாதவற்றைச் சிவப்பில் வட்டமிட்டுச் சேருங்கள். ஒன்றும் விட்டுப்போகாமலிருக்க வேர்டில் 19 என்றும் 20 என்றும் தேடிப் பாருங்கள், வருஷங்கள் எல்லாம் வரிசையாக அகப்படும். ஒரே ஆள் ஒரே வருஷத்தில் இரண்டு எழுதியிருந்தால் வருஷத்தோடு ஏ, பி என்று சிறிய ஆங்கில எழுத்து சேர்ந்திருக்க வேண்டும், உள்ளேயும் பட்டியலிலும் ஒன்றுபோல. ஜர்னல் கேட்டால் ஸோட்டெரோ இணைப்பைத் துண்டித்துச் சாதாரண எழுத்தாக மாற்றி அனுப்பலாம். அதற்கு முன் இணைப்போடு ஒரு பிரதியைத் தனியாகச் சேமித்துவையுங்கள். ரிவிஷன் வரும்போது அதுதான் கைகொடுக்கும்.

எண்களை மட்டும் இன்னொருவரை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் பிடிஎஃப்பைப் பாருங்கள். நம் கண் நாம் எழுதியதைச் சரியென்றே படிக்கும். நண்டு ஆராய்ச்சிப் பெண்ணோடு அன்று அவள் அண்ணன் வந்திருந்தார், வியாசர்பாடியில் லேத் பட்டறையில் வேலை. தொகுதி, இதழ், பக்கம் என்று அவர் நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தார், அவள் டிக் அடித்துக்கொண்டே வந்தாள். முப்பத்தேழாவது ரெஃபரன்ஸில் நிறுத்திவிட்டார். "ஆரம்பப் பக்கம் 412, முடியுற பக்கம் 402-ன்னு போட்டிருக்கே. எப்படிப் பின்னாடி போகும்?" பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தோம். 420.